விமானத்தைப் பிடிக்கும் டிவி குச்சி: ஆயிரம் ரூபாய் கேட்ஜெட்டுக்குள் ஒளிந்திருந்த ரேடியோ!

பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் காது கிழியப் போகும். அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமா? போனில் ஃப்ளைட்ரேடார்24 ஆப்பைத் திறந்தால் போதும். எந்த நிறுவனத்தின் விமானம், எங்கிருந்து எங்கே, எத்தனை அடி உயரம், என்ன வேகம்... எல்லாம் வந்துவிடும்.

சரி, இந்தத் தகவலை அந்த ஆப்புக்கு யார் கொடுத்தது?

'ஏர்போர்ட்காரங்க கொடுப்பாங்க' என்றுதான் நிறைய பேர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வரைபடத்தில் நகரும் மஞ்சள் விமானங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக் கொடுப்பது, உலகம் முழுக்க தங்கள் வீட்டு மாடியிலும் பால்கனியிலும் ஆன்டெனா கட்டி வைத்திருக்கும் தன்னார்வலர்கள். 2006-ல் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு விமான ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான் அந்தச் சேவை. அப்படி ஆன்டெனா வைத்திருக்கும் பல வீடுகளில், ஒரு குட்டி கம்ப்யூட்டரில் பென்டிரைவ் சைஸில் ஒரு குச்சி செருகியிருக்கும். அந்தக் குச்சி விமானத்தைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. லேப்டாப்பில் டிவி பார்ப்பதற்காகச் செய்தது!

ஒரு மலிவு டிவி குச்சி எப்படி ரேடியோ ஆராய்ச்சிக் கருவியாக மாறியது, அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம், எதைச் செய்தால் சிக்கல் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிவி பார்க்கப் பிறந்தது

2000-களில் ஐரோப்பாவில் டிவி ஒளிபரப்பு அனலாகில் இருந்து டிஜிட்டலுக்கு மாறியது. வீட்டு ஆன்டெனாவில் நேரடியாக வரும் அந்த டிஜிட்டல் ஒளிபரப்புக்கு டிவிபி-டி என்று பெயர். அதை லேப்டாப்பில் பார்ப்பதற்காக யூஎஸ்பி டாங்கிள்கள் வந்தன. விலை சுமார் 20 டாலர். அன்றைய கணக்கில் ஆயிரம் ரூபாய். கூடவே ஒரு குட்டி ஆன்டெனா, ஒரு ரிமோட், ஒரு சிடி.

நம் ஊருக்கு இது டிவி பார்க்க உதவாது. தூர்தர்ஷன் தேர்ந்தெடுத்தது அடுத்த தலைமுறையான டிவிபி-டி2. 'அந்தக் குச்சில டிவி வருமா?' என்று அம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். வராது!

டாங்கிளைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக இரண்டு சிப்கள். ஒன்று ட்யூனர், காற்றில் இருக்கும் ஆயிரம் அலைவரிசைகளில் நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது. இன்னொன்று ஆர்டிஎல்2832யூ. தைவானின் ரியல்டெக் நிறுவனம் செய்தது. உங்கள் லேப்டாப்பின் சவுண்ட் சிப்பிலோ நெட்வொர்க் சிப்பிலோ நண்டு லோகோ பார்த்திருப்பீர்களே, அதே கம்பெனிதான். பிடித்த சிக்னலை டிவி படமாக மாற்றத் தேவையான கணக்குகளை இந்த சிப் போட்டு முடித்து, தயாரான டேட்டாவை கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

கம்பெனிகள் இதோடு ஒரு போனஸும் கொடுத்தன: எஃப்எம் ரேடியோவும் கேட்கலாம் என்று. கதை திரும்பியது இந்த போனஸில்தான்.

ஃபின்லாந்தில் இருந்து ஒரு மெயில்

ஆன்ட்டி பலோசாரி ஃபின்லாந்தைச் சேர்ந்த புரோகிராமர். டிவி டாங்கிள்கள் லினக்ஸில் வேலை செய்வதற்கான டிரைவர் எழுதுபவர். டாங்கிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே யூஎஸ்பி வயரில் என்ன பேச்சு ஓடுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதைப் பார்த்து டிரைவர் எழுதுவது இந்த வேலையில் வழக்கம்.

டிவி மோடில் எதிர்பார்த்த மாதிரியே தயாரான டேட்டா வந்தது. எஃப்எம் மோடுக்குப் போனால் வந்தது பாட்டு இல்லை. எண்கள், வெறும் எண்கள், வெள்ளமாகக் கொட்டின.

ஹோட்டல் பாஷையில் சொன்னால் இப்படி. டிவி மோடில் அந்த சிப் சாப்பாட்டைச் சமைத்து இலையில் பரிமாறுகிறது. எஃப்எம் மோடில் காய்கறியை அப்படியே கையில் கொடுத்துவிட்டு 'நீயே சமைச்சுக்கோ' என்கிறது. எஃப்எம்முக்கென்று சிப்புக்குள் தனியாக ஒரு சர்க்யூட் வைத்தால் காசு. கம்ப்யூட்டர்தான் சும்மா இருக்கிறதே, சிடியில் கொடுக்கும் சாஃப்ட்வேர் அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2012 பிப்ரவரியில் பலோசாரி இதை லினக்ஸ் டெவலப்பர்களிடம் எழுதினார். 2010-லேயே எரிக் ஃப்ரை என்பவரும் இதே டாங்கிளின் யூஎஸ்பி பேச்சைக் கேட்டுப் பார்த்திருந்தார். பலோசாரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓடியது ஆஸ்மோகாம் என்ற குழு. மொபைல் போன் தொழில்நுட்பங்களை ஓப்பன் சோர்ஸாக எழுதுகிறவர்கள். அந்தக் குழுவின் ஸ்டீவ் மார்க்ராஃப், டாங்கிளை எப்போதும் அந்தப் 'பச்சைக் காய்கறி' மோடிலேயே நிறுத்தி வைக்கும் டிரைவரை எழுதினார். பெயர் ஆர்டிஎல்-எஸ்டிஆர்.

அதில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. டிவி பார்க்கத் தேவையான அலைவரிசைகளோடு அந்த ட்யூனர் நிற்கவில்லை. பரவலாகக் கிடைத்த ஆர்820டி என்ற ட்யூனர் சுமார் 24 மெகாஹெர்ட்ஸில் இருந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். எஃப்எம், விமானிகளின் பேச்சு, வானிலை செயற்கைக்கோள், ஹாம் ரேடியோ, பேஜர், கார் டயரில் காற்றழுத்தம் சொல்லும் சென்சார்... இதெல்லாம் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. இப்படி எல்லாவற்றையும் பிடிக்கும் ஆய்வகக் கருவிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் விலை பல நூறு டாலர். கல்லூரி லேபில் ஒன்று இருந்தால் அதைப் பூட்டித்தான் வைப்பார்கள்.

கவனியுங்கள், இதுவரை யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. அந்தத் திறமை முதல் நாளில் இருந்தே பெட்டிக்குள் இருந்தது. கவரில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ரேடியோ எப்படி சாஃப்ட்வேர் ஆகும்?

தாத்தா காலத்து ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்க்யூட். எஃப்எம் கேட்கச் செய்த பெட்டி எஃப்எம் மட்டும்தான் கேட்கும். வேறு ஏதாவது வேண்டுமென்றால் வேறு பெட்டி வாங்க வேண்டும். சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ, சுருக்கமாக எஸ்டிஆர், இதைத் தலைகீழாக்குகிறது. காற்றில் வரும் அலையை அப்படியே எண்களாக மாற்று. அதற்குப் பிறகு எல்லாம் கணக்குதான். எஃப்எம் வேண்டுமா, ஒரு கணக்கு. விமானம் வேண்டுமா, வேறு கணக்கு. குச்சி அதே குச்சி. ஆப்பை மாற்றினால் ரேடியோ மாறிவிடும்.

இந்த டாங்கிள் ஒழுங்காக வேலை செய்யும் வேகம், நொடிக்கு 24 லட்சம் அளவீடுகள். ஒவ்வொரு அளவீட்டிலும் 0-வில் இருந்து 255-க்குள் இரண்டு எண்கள். இதனால் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு ஜன்னல் நமக்குத் திறக்கும். சென்னையில் இருந்தால் இதை உடனே புரிந்துகொள்ளலாம். டாங்கிளை 91.9-ல் நிறுத்தினால் 91.1, 91.9, 92.7 என மூன்று எஃப்எம் நிலையங்களும் ஒரே திரையில் மூன்று மலைகளாகத் தெரியும். ஆர்ஜே பேசும்போது மலை நடுங்கும், பாட்டு வந்தால் விரியும். ரேடியோவைக் காதால் கேட்டே பழகிய எனக்கு, அதைக் கண்ணால் பார்த்த முதல் நாள் தூக்கம் வரவில்லை.

நான் வாங்கி ஏமாந்த கதை

ஆர்வக்கோளாறில் நேராக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். 'டிவி ட்யூனர் டாங்கிள் இருக்கா?' என்று கேட்டதும் ஒரு கடையில் தூசி தட்டி ஒன்றை எடுத்தார்கள். 'எல்லாம் ஒண்ணுதான் ப்ரோ.' வீட்டுக்கு வந்து பிரித்தால் அது பழைய கேபிள் டிவிக்கான அனலாக் ட்யூனர், சிப்பும் வேறு. 600 ரூபாய் போச்சு. எல்லாம் ஒன்று இல்லை பாஸ்! உள்ளே ஆர்டிஎல்2832யூ இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். இதற்கென்றே அலுமினியப் பெட்டியில் வரும் மேம்பட்ட டாங்கிள்கள் இப்போது கிடைக்கின்றன. விலை சில மடங்கு அதிகம். இரண்டாவது முறை ஆன்லைனில் அதைத்தான் வாங்கினேன். கூடவே, ஒப்பிட்டுப் பார்க்க, நண்பர் கொடுத்த பழைய பிளாஸ்டிக் டாங்கிள் ஒன்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மலிவு என்றால் என்ன என்று புரியும். டாங்கிளுக்குள் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு கிரிஸ்டல் உண்டு. அதுதான் அதற்குக் கடிகாரம். பிளாஸ்டிக் டாங்கிளில் உள்ள மலிவு கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை தப்பாகத் துடிக்கலாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 1000 மெகாஹெர்ட்ஸில் அது 50 கிலோஹெர்ட்ஸ் பிழை. வாக்கி டாக்கி மாதிரி குறுகலான சிக்னல் என்றால், தேடிப் போன வீட்டுக்குப் பதில் நாலு வீடு தள்ளிப் போய் கதவைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அதுவும் டாங்கிள் சூடாகச் சூடாக இந்தப் பிழை நகர்ந்துகொண்டே போகும். மே மாத சென்னையைக் கேட்கவே வேண்டாம். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் கிரிஸ்டலை மாற்றிப் பொருத்துவதுதான், இந்தக் குச்சியில் ஆர்வலர்கள் செய்த முதல் ஹார்டுவேர் மாற்றங்களில் ஒன்று. இப்போதைய மேம்பட்ட டாங்கிள்களில் அது கையோடு வருகிறது.

அடுத்த எதிரி நம் வீடுதான். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே ரேடியோ இரைச்சல் கக்கும். எங்கள் ஹால் டியூப்லைட்டைப் போட்டால் திரையில் ஒரு வேலியே எழும்பும். லேப்டாப்பும் சளைத்ததில்லை. டாங்கிளை நேரடியாகச் செருகாமல் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தாலே பாதி இரைச்சல் குறையும். பிளாஸ்டிக் டாங்கிளை ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, கேபிளுக்கு மட்டும் ஓட்டை போட்டேன். பார்க்க வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்று வீட்டில் திட்டு. ஆனால் வேலை செய்கிறது.

துணிச்சல் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். ட்யூனரைத் தாண்டி, ஆர்டிஎல் சிப்பின் காலிலேயே நேரடியாக ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைப்பது. இப்படிச் செய்தால் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிற்றலை, மத்திய அலை எல்லாம் திறந்துகொள்ளும். 720 கிலோஹெர்ட்ஸில் வரும் சென்னை வானொலியின் மத்திய அலைகூடக் கேட்கலாம். சிப்பின் கால்கள் முடி அகலத்தில் நெருங்கி இருக்கும். கை நடுங்கினால் டாங்கிள் காலி. நான் முயற்சி செய்யவில்லை, மேம்பட்ட டாங்கிளில் அந்த வசதியும் உள்ளேயே இருக்கிறது என்பதால். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம்.

விமானம் என்ன பேசுகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பயணிகள் விமானங்கள் பறக்கும்போது ஒரு கருவி ஓயாமல் 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரம், இந்த வேகம்' என்று 1090 மெகாஹெர்ட்ஸில் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஏடிஎஸ்-பி என்று பெயர். தான் இருக்கும் இடத்தை நொடிக்கு இரண்டு முறை சொல்லும். இதில் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. பக்கத்தில் பறக்கும் விமானமும் கட்டுப்பாட்டு அறையும் கேட்டால்தானே மோதல் தவிர்க்க முடியும்? எல்லோரும் கேட்கத்தான் அது சத்தமாகச் சொல்கிறது. கேட்பவர்களில் நாமும் ஒருவர்.

இதைப் புரிந்துகொள்ளும் சாஃப்ட்வேர்களில் புகழ்பெற்றது டம்ப்1090. எழுதியவர் சால்வடோர் சான்ஃபிலிப்போ. இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர். ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆமாம், ரெடிஸ் டேட்டாபேஸை உருவாக்கிய அதே ஆள்.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவில்லை. 1090 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலைநீளம் என்பது வெறும் 6.9 சென்டிமீட்டர். ஒரு செப்புக் கம்பியை ஸ்கேல் வைத்து வெட்டினேன். ஜன்னல் ஓரத்தில் வைத்தபோது 40 கிலோமீட்டர் சுற்றளவுதான் கிடைத்தது. மாடி தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றியதும் நெல்லூர், வேலூர், புதுச்சேரி வரை விமானங்கள் திரையில் வரிசைகட்டின. ஒவ்வொரு விமானத்துக்கும் ஆறு இலக்க அடையாள எண் உண்டு. அது 80 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான விமானம். கொஞ்ச நாளில் எண்ணைப் பார்த்தே நாட்டைச் சொல்லும் அளவுக்கு முற்றிவிடும் இந்தப் பைத்தியம்.

இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்து வரும் துளிகளைச் சேர்த்துத்தான் அந்த ஆப்கள் உலக வரைபடம் வரைகின்றன. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்க அரசியல்வாதி நான்சி பெலோசி தைவான் போனபோது, அவர் விமானத்தை ஃப்ளைட்ரேடார்24-ல் 29 லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு அரசு விமானம் எந்த வழியாகப் போகிறது என்பதை எந்த அரசும் அறிவிக்காமலேயே சாதாரண மக்கள் பார்க்க முடிந்தது. இந்த டிவி குச்சி மாதிரியான மலிவு ரிசீவர்கள் இல்லாவிட்டால் அத்தனை வீடுகளில் அத்தனை காதுகள் முளைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் ஒன்று. விமானம் பேசினால்தான் குச்சி கேட்கும். 2014 மார்ச் 8-ம் தேதி அதிகாலை, மாயமான மலேசிய விமானம் எம்ஹெச்370 கடைசியாக ஃப்ளைட்ரேடார்24-ல் தெரிந்தது 1.21 மணிக்கு. அதன் அறிவிப்பு நின்றதும் அத்தனை ரிசீவர்களும் ஒரே நேரத்தில் இருண்டுவிட்டன. நடுக்கடலில் யார் வீட்டு மாடியும் இல்லை என்பது தனிப் பிரச்சினை.

புயலை மாடியில் இருந்து பார்த்த இரவு

இந்தக் குச்சி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் விமானம் இல்லை. வானிலை செயற்கைக்கோள்.

அமெரிக்காவின் நோவா அமைப்பு அனுப்பிய நோவா-15, நோவா-18, நோவா-19 என்ற மூன்று செயற்கைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் சுற்றிக்கொண்டே, தாங்கள் பார்க்கும் பூமியின் படத்தை 137 மெகாஹெர்ட்ஸில் உடனுக்குடன் கீழே அனுப்பிக்கொண்டிருந்தன. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு இல்லை, கட்டணம் இல்லை. கடலில் போகும் கப்பல்கள், வசதியில்லாத நாடுகளின் வானிலை நிலையங்கள் எல்லாம் சுலபமாகப் பிடிக்க வேண்டும் என்று எளிமையாக வடிவமைத்த சிக்னல் அது.

ஆன்டெனா செய்வதற்கு 53.4 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள், 120 டிகிரி கோணத்தில் 'வி' வடிவில் படுக்கையாக. அவ்வளவுதான். செயற்கைக்கோள் தொடுவானத்தில் எழுந்து மறைய அதிகபட்சம் 15 நிமிடம். அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் உருவாகிக்கொண்டிருந்த நாட்கள். 30-ம் தேதி இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், மாடியில் குடையைக் கட்டி அதன் கீழே லேப்டாப்போடு உட்கார்ந்தேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள் இருந்து பழைய சுவர்க்கடிகாரம் மாதிரி டிக்-டாக், டிக்-டாக். ஒவ்வொரு டிக்குக்கும் படத்தில் ஒரு வரி. நொடிக்கு இரண்டு வரி. கோலம் போடுகிற மாதிரி மெதுவாக, கீழிருந்து மேலாக, ஸ்ரீலங்காவின் ஓரம் மங்கலாக வந்தது. அதன் பக்கத்தில் வங்கக் கடல் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை மேகக் குவியல். செய்திகளில் ஆயிரம் சாட்டிலைட் படம் போட்டிருக்கிறோம். எங்கள் டெஸ்க்கில் தினமும் அதுதானே வேலை! ஆனால் இந்தப் படம் 850 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து நேராக எங்கள் வீட்டுக் கம்பிக்கு வந்தது. தரம் சுமார்தான், பாதியில் இரைச்சல் கோடுகள் வேறு. யாருக்கும் காட்டாமல் ஒரு மணி நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது இனி முடியாது. 1998-ல் ஏவப்பட்ட நோவா-15 உட்பட அந்தப் பழைய செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025-ல் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுவிட்டன. ஜூனில் நோவா-18, ஆகஸ்ட்டில் மற்ற இரண்டும். வயதாகிவிட்டது, நியாயம்தான். ஆனால் அவற்றின் வாரிசுகள் அனுப்பும் சிக்னலைப் பிடிக்க இரண்டு கம்பி போதாது. வானத்தில் செயற்கைக்கோளைத் துரத்தித் திரும்பும் டிஷ் வேண்டும். 137 மெகாஹெர்ட்ஸில் இப்போது மிச்சம் இருப்பவை ரஷ்யாவின் மீட்டியோர் வரிசை. மீட்டியோர்-எம் என்2-3, என்2-4 இரண்டும் டிஜிட்டலாகப் படம் அனுப்புகின்றன. தரம் நோவாவைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் டிஜிட்டலில் அந்த டிக்-டாக் கிடையாது. சிக்னல் கொஞ்சம் பலவீனமானால் மங்கலான படம் வராது, ஒன்றுமே வராது.

இதைவிட தூரம் போகிறவர்களும் உண்டு. விண்வெளியில் ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் மெலிதாக முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. 1951-ல் ஹார்வர்டில் யூவென், பர்செல் இருவரும் முதன்முதலில் பிடித்தது இதை. புனே அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி 30 பிரம்மாண்ட டிஷ்களை வைத்து ஆராய்வதும் ஹைட்ரஜனின் இந்தக் குரலைத்தான். பால்வீதியில் இருந்து வரும் பங்கை மட்டும் பிடிக்க, அட்டையும் அலுமினியத் தாளும் சேர்த்துச் செய்த ஒரு புனல், ஒரு சிக்னல் பெருக்கி, இந்தக் குச்சி, நிறைய பொறுமை போதும். உலகம் முழுக்க மாணவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சரி, இது லீகலா?

இதைப் படிக்கும் பாதிப் பேர் மனதில் இந்தக் கேள்விதான் ஓடும் என்று தெரியும்.

ஒரு காலத்தில் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே தபால் நிலையத்தில் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். தாத்தா, பாட்டியைக் கேளுங்கள், அந்தக் குட்டி லைசென்ஸ் புத்தகம் பற்றிச் சொல்வார்கள். அந்தக் காலம் போனாலும், அலைவரிசை அரசுடையது என்ற அடிப்படை போகவில்லை. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, ரேடியோ கருவி வைத்திருப்பதற்கே மத்திய அரசின் அங்கீகாரம் வேண்டும் என்கிறது. விலக்கு அளிக்கும் அதிகாரமும் அரசிடமே. வெளிநாட்டில் இருந்து வயர்லெஸ் கருவி வரவழைத்தால் சுங்கத்தில் கேள்வி வரலாம். 'டிவி ட்யூனர்தான் சார்' என்ற பதில் எல்லா அதிகாரியிடமும் எடுபடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். 2025 மே மாதம், அலைவரிசை விவரமும் லைசென்ஸ் விவரமும் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக ஆன்லைன் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். வாக்கி டாக்கி சிக்னல் அனுப்பும். இந்தக் குச்சி அனுப்பாது, கேட்க மட்டுமே செய்யும். அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் அது எல்லாவற்றையும் கேட்க அனுமதி ஆகிவிடாது.

எஃப்எம், வானிலை செயற்கைக்கோள், ஹாம் ரேடியோ எல்லாம் பொதுவுக்காகச் சொல்லப்படுபவை. போலீஸ் வயர்லெஸ்ஸோ அடுத்தவரின் தனிப்பட்ட தகவலோ அப்படி இல்லை. பல நாடுகளில் மருத்துவமனைகள் இன்னமும் பேஜர் பயன்படுத்துகின்றன. அதில் போகும் செய்திகளுக்குப் பல இடங்களில் பூட்டே கிடையாது; நோயாளியின் பெயர் வரை பச்சையாகக் காற்றில் போகும். தொழில்நுட்பம் அனுமதிக்கிறது என்பதற்காக அதைக் கேட்பதும், பக்கத்து வீட்டு ஜன்னலில் காதை வைப்பதும் ஒன்றுதான். சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கும்.

அனுப்புவதற்கும் மலிவாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது இன்னொரு கதை. அதே ஸ்டீவ் மார்க்ராஃப், 2018-ல் லேப்டாப்பை புரொஜெக்டரோடு இணைக்க நாம் வாங்கும் யூஎஸ்பி-விஜிஏ அடாப்டரை எடுத்தார். சில டாலர்தான் விலை. எஃப்எல்2000 என்ற சிப் உள்ள அந்த அடாப்டர், திரைக்கு வண்ணம் அனுப்பும் அதே பின்னில் ரேடியோ அலையையும் அனுப்பும் என்று காட்டினார். எஃப்எம், டிஜிட்டல் டிவி, மொபைல் நெட்வொர்க், ஜிபிஎஸ் சிக்னல் வரை! ஆய்வகத்துக்குள், வெளியே கசியாமல் செய்தால் அற்புதமான பாடம். மாடியில் செய்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் ஒரு விமானத்தின் ஜிபிஎஸ்ஸோடு விளையாடுகிறீர்கள். எப்படிச் செய்வது என்று இங்கே எழுதப்போவதில்லை.

முறையாகப் போக ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஹாம் ரேடியோ லைசென்ஸ். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது. இரண்டே பாடம்: ரேடியோவின் அடிப்படை, விதிமுறைகள். பிளஸ் டூ இயற்பியலை மறக்காதவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் குறியீடும் தேவையில்லை. என் டேபிளில் புத்தகம் மூன்று மாதமாக இருக்கிறது, விதிமுறைகள் பகுதியில் 12-வது பக்கம்.